கை நனைத்த வீடு

ஞாயிற்றுக்கிழமை காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பினால், என் தம்பி கொளஞ்சியப்பன் என் வீட்டு கேட்டிலிருந்து என் பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். அதற்கு ஒரு ஸ்க்ரூடிரைவர்கூட கொண்டுவரவில்லை. என் சமையலறையிலிருந்து தோசைத் திருப்பியை எடுத்துவந்து, அதன் முனையை விட்டுத் திருகிக்கொண்டிருக்கிறான். பலகை கழன்றதோ இல்லையோ, திருப்பி வளைந்துவிட்டது.

"என்னாடா பண்ற?"

"உன் பேரு இருக்கே அக்கா. அவங்க வந்து பாத்தா என்னா நெனைப்பாங்க?"

"சந்திரா வூடுன்னு நெனைப்பாங்க. வேற என்னா நெனைப்பாங்க?"

கக்கத்தில் ஒரு புதுப் பலகை வைத்திருந்தான். 'கொ. மதிவாணன்' என்று தங்க நிறத்தில் எழுத்து. கடையில் கொடுத்துச் செய்து வாங்கியிருக்கிறான். ஒரு நாள் கூத்துக்கு இத்தனை முஸ்தீபு. இந்த அக்கறையில் பாதியை அவன் பிள்ளையின் படிப்பில் காட்டியிருந்தால் இந்தக் கூத்தே தேவைப்பட்டிருக்காது.

மதிவாணன் அவனுடைய ஒரே மகன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் காண்டிராக்ட் வேலை. பெல்ட்டிலிருந்து சிந்துகிற கரியை அள்ளி மறுபடி பெல்ட்டில் போட வேண்டும். நல்ல பையன்தான். யார் எது சொன்னாலும் தலையாட்டுவான், அதுதான் அவனிடம் இருக்கிற கோளாறு. அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்து வருஷக்கணக்காகிறது. நெய்வேலியைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும், பெண்ணைப் பெற்றவர்கள் ஜாதகத்தைக் கேட்பதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான். பர்மனென்டா, காண்டிராக்டா? காண்டிராக்ட் என்றால் காபி வரும், பெண் வெளியே வரமாட்டாள்.

அலுத்துப்போன கொளஞ்சி இந்த முறை பர்மனென்ட் என்றே சொல்லிவிட்டான். சொன்னதோடு நிற்கவில்லை. மாப்பிள்ளைக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள், வந்து பாருங்கள் என்றும் சொல்லிவிட்டு, நேராக என்னிடம் வந்து நின்றான்.

"ஒரே ஒரு நாளு அக்கா. பாத்துட்டுப் போயிடுவாங்க."

"கல்யாணத்துக்கப்பறம் தெரியாதா? அந்தப் பொண்ணு ஐடி கார்டைப் பாக்காதா, சம்பளத்தைப் பாக்காதா?"

"அதுக்குள்ள நெசமாவே பர்மனென்ட் ஆயிடுவான்."

எப்படி என்று கேட்டேன். அப்போதுதான் பூனை வெளியே வந்தது. பெண்ணின் பெயர் தமிழ்நிலா. வடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா வெள்ளைச்சாமி, கம்மாபுரத்துக்காரர். அவருக்கு வளையமாதேவி பக்கம் சுரங்கத்துக்காக எடுக்கப்போகிற இடத்தில் நிலம் இருக்கிறதாம். நிலம் கொடுக்கிற குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கிடைக்கும், அதை மாப்பிள்ளை வீட்டில் யாருக்கு வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருக்கிறாராம்.

"அவங்க குடுக்கற வேலையில இவன் உள்ள போயிடுவான். நாம சொன்னதும் நெசமாயிடும். பொய்யின்னே இருக்காது அக்கா."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இந்த அறிவை வைத்துக்கொண்டு இவன் இத்தனை வருஷம் எப்படிக் குடும்பம் நடத்தினான் என்பதே எனக்கு ஆச்சரியம். போடா வெளியே என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. காரணம் இருக்கிறது.

இந்த மாதக் கடைசியில் எனக்கு ரிடையர்மென்ட். ரிடையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். என் வீட்டுக்காரர் அய்யனார் சுரங்கத்தில் நடந்த ஒரு விபத்தில் போனார். அந்த வேலை எனக்கு வந்தது. கூடவே இந்த வீடும் வந்தது. பிள்ளை இல்லை. ஆபீசில் ஃபைல் தூக்கியே காலம் போய்விட்டது. எனக்கென்று வெளியே இருப்பது ஒரே ஒரு இடம். குள்ளஞ்சாவடியில் கொளஞ்சி கட்டின வீட்டில் ரோட்டைப் பார்த்த முன் ரூம். செங்கல் இறக்கினதிலிருந்து டைல்ஸ் ஒட்டினது வரைக்கும் அந்த ரூமுக்கு என் சம்பளம்தான் போனது. "இது உன் ரூம் அக்கா, நீ எப்ப வந்தாலும் உனக்குத்தான்" என்று கிரகப்பிரவேசத்தன்று நாலு பேர் முன்னால் சொன்னவன் அவன்தான். பக்கத்திலேயே பாத்ரூம், ஒரு ஜன்னல், காலை வெயில். எனக்கு அது போதும். அந்த ரூமை விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது.

அது அவனுக்கும் தெரியும். அதனால்தான் கடைசியில், "நாளைக்கு நீயும் அவன்கூடத்தான அக்கா இருக்கப்போற, அவன் நல்லா இருந்தாத்தான உனக்கும் நல்லது" என்று குழைந்தான். நான் சரி என்று தொலைத்தேன்.

அதற்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. பலகையோடு விட்டார்களா? உள்ளே போனால் அவன் பெண்டாட்டி செல்லக்கிளி கூடத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, என் வீட்டுக்காரர் படத்தை இறக்கிக்கொண்டிருக்கிறாள்.

"அத எதுக்குடி எடுக்கற?"

"யாருன்னு கேட்டா என்னா சொல்றது அண்ணி?"

"செத்துப்போன மாமான்னு சொல்லு."

"நல்ல காரியத்துக்கு வர்றாங்க. மாலை போட்ட படம் கண்ணுல படக்கூடாதில்ல" என்று சொல்லி, படத்தைத் துணியில் சுற்றி என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். அந்த ஆணியில் மதிவாணனின் ஹெல்மெட்டை மாட்டினார்கள். அதுவும் அவனுடையது இல்லை. எவனிடமோ இரவல் வாங்கிய வெள்ளை ஹெல்மெட். வெள்ளை ஹெல்மெட் ஆபீசர்கள் போடுவது. இவன் போடுவது மஞ்சள்.

"பெல்ட்டு கூட்டறவனுக்கு எதுக்குடா வெள்ளை ஹெல்மெட்டு? வர்றவங்க ஊர்ல பாதிப்பேரு இங்கதான் வேலை செய்யறான்" என்றேன்.

மதிவாணன் கூடத்து மூலையில் போனை நோண்டிக்கொண்டிருந்தான். "அப்பாதான் அத்தை மாட்டச் சொன்னாரு" என்றான். கல்யாணம் அவனுக்கா, அவன் அப்பாவுக்கா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

எனக்கும் ஒரு வேஷம் வைத்திருந்தார்கள். நான் விருத்தாசலத்திலிருந்து ரெண்டு நாள் வந்திருக்கிற அத்தை. என் வீட்டில் நானே விருந்தாளி. பக்கத்து குவார்ட்டர்ஸ் சாஜிதாவிடம் நாற்காலி வாங்கப் போனேன். அவள் வீட்டுக்காரர் பீர் முகமதுவும் நானும் ஒரே ஆபீஸ். அவள் நாற்காலியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, கேட்டில் தொங்கிய புதுப் பலகையை எட்டிப் பார்த்தாள்.

"என்னாக்கா, வூட்ட வித்துட்டியா?"

"கம்பெனி வூட்ட எங்கடி விக்கறது? வாடகைக்கு விட்டிருக்கேன், மானத்தோட சேத்து."

"மாட்டிக்கப் போறக்கா. யாராவது மேல சொல்லிட்டாங்கன்னா ரிடையர் ஆவற நேரத்துல உனக்குத்தான் தலைவலி."

"தெரியுது. வாயை மூடிக்கினு நாற்காலிய குடு."

பெண் வீட்டார் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். வெள்ளைச்சாமி, அவர் மனைவி, அவருடைய அக்கா, கூட இரண்டு சொந்தக்காரர்கள். வழக்கம்போலப் பெண்ணைக் கூட்டிவரவில்லை. வெள்ளைச்சாமி வாசலிலேயே நின்று பலகையை ஒரு முறை படித்தார். வாசல் பக்கம் நிற்கிற பலா மரத்தைப் பார்த்தார். கூடத்துக்கு வந்து ஹெல்மெட்டைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டார். கொளஞ்சி ஏதோ அரண்மனையைக் காட்டுகிறவன் மாதிரி என் வீட்டை அறை அறையாகத் திறந்து காட்டினான். என் படுக்கையறையில் என் மூக்குக் கண்ணாடியும் தைலமும் ஜன்னலில் அப்படியே இருந்தன. செல்லக்கிளி பாய்ந்து போய் அதன் மேல் துண்டைப் போட்டு மூடினாள்.

"நல்ல காத்தோட்டமான வூடு" என்றார் வெள்ளைச்சாமி.

"குவார்ட்டர்ஸ் என்னாங்க, கம்பெனி வூடுதான" என்றான் கொளஞ்சி. "கல்யாணத்துக்கப்பறம் புள்ளைங்க இங்க இருக்க வேணாம். குள்ளஞ்சாவடியில சொந்த வூடு கட்டி வச்சிருக்கேன். இவன் அங்கேருந்தே ட்யூட்டிக்கு வந்துடுவான்."

அது வரைக்கும் அவன் யோசித்து வைத்திருந்ததை நினைத்து எனக்கு ஒரு நிமிஷம் மரியாதையே வந்தது. சரி, பேசட்டும் என்று சமையலறைக்குள் போனேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள் காபி குடிப்பார்கள், பலகாரம் தின்பார்கள், அது கணக்கில்லை. சோற்றில் கை வைத்துவிட்டால், கை நனைத்தாயிற்று, சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். மனசில் ஒரு துளி இழுபறி இருந்தாலும், "இன்னொரு நாள் சாப்பிடறோம்" என்று எழுந்து போய்விடுவார்கள். சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. அப்படிச் செய்தால் அந்தக் குடும்பத்தில் அப்புறம் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். அதனால் கொளஞ்சிக்கு அன்றைக்கு ஒரே குறி. எப்படியாவது அவர்களை இலைக்கு முன்னால் உட்கார வைத்துவிட வேண்டும். காலையிலிருந்து நானும் செல்லக்கிளியும் சாம்பார், கத்திரிக்காய்க் காரக்குழம்பு, பாயசம் என்று செய்து, வடைக்கு மாவும் அரைத்து வைத்திருந்தோம். செய்தது நான். அவள் உப்பு பார்த்தாள்.

வடை பொரித்துக்கொண்டிருந்தபோது பெண்ணின் அம்மா உள்ளே வந்தாள். செல்லக்கிளி கூடத்தில் பேச்சில் இருந்தாள். ஒல்லியான பொம்பளை, முகத்தில் தூக்கமே இல்லை. "சும்மா உக்காந்திருக்க முடியல, ஏதாவது குடுங்க அண்ணி" என்று வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். நான் எண்ணெயைப் பார்த்தபடியே கையை நீட்டி, மேல் அலமாரியிலிருந்து பெருங்காய டப்பாவை எடுத்தேன்.

"ரெண்டு நாளுதான் ஆச்சு நீங்க வந்துன்னாங்க. எல்லா டப்பாவும் கண்ணை மூடிக்கினு எடுக்கறீங்களே" என்றாள்.

எனக்கு வடைக் கரண்டி கையில் நின்றுவிட்டது. "பொம்பளைங்களுக்கு எந்த அடுப்படியும் ஒண்ணுதான" என்று சமாளித்தேன்.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அவளுக்கு யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது. மகளைப் பற்றி ஆரம்பித்தாள். தமிழ்நிலா அந்த ஆஸ்பத்திரியில் நல்ல பெயர் எடுத்திருக்கிறாளாம். வார்டுக்கே பொறுப்பாகப் போடப்போகிறார்களாம். ஆனால் மாப்பிள்ளை பர்மனென்ட், அப்புறம் பெண் எதற்கு வேலைக்குப் போக வேண்டும், எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுவிடு என்று அப்பா சொல்லிவிட்டாராம்.

"அவளுக்கு மனசே இல்ல அண்ணி. ஆனா அவரு சொன்னா சொன்னதுதான். எங்க பையன் கம்பெனி வேலையில உள்ள போயிட்டான், பொண்ணுக்கும் ஒரு பர்மனென்ட் மாப்ள கெடைச்சிட்டா நம்ம கடமை முடிஞ்சிதுங்கறாரு."

"உங்க பையன் உள்ளயா? எதுல போனாரு?"

"நெலம் குடுத்த வகையிலதான். போன வருஷம் சேந்தான்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கத்தி வெங்காயத்தின் மேல் அப்படியே நின்றது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நிலம் போயாயிற்று. அந்த நிலத்துக்கான வேலையும் மகனுக்குப் போயாயிற்று. மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, உங்க தம்பிகிட்ட சொல்லிடாதீங்க. இவருதான் இன்னும் நெலம் இருக்குன்னு சொல்லி வச்சிருக்காரு. அதச் சொன்னாத்தான் பர்மனென்ட் மாப்ள வருவான்னாரு. கல்யாணம் முடிஞ்சிட்டா யாரு கேக்கப்போறாங்கன்னாரு. உங்களக் கும்புட்டுக் கேக்கறேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அடப்பாவிகளா. இல்லாத வேலையைக் காட்டி அவர்கள் மாப்பிள்ளை பிடிக்கிறார்கள். இல்லாத வேலையைக் காட்டி இவன் பெண் எடுக்கிறான். இரண்டு பேரும் ஒருத்தர் தலையில் ஒருத்தர் மிளகாய் அரைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாய் கொள்ளாமல் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் இரண்டு பிள்ளைகள். ஒன்று போனை நோண்டுகிறது. இன்னொன்று வேலையை விடுகிறது.

நான் அடுப்பை அணைத்தேன். இதை இப்படியே விடக் கூடாது என்று முடிவு செய்தேன், சத்தியமாக. அந்த அம்மாவிடம் "பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, கொளஞ்சியைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டு, கிளம்பச் சொல்லு அவர்களை, உனக்கு அங்கே வேலையும் இல்லை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம் என்று, வாழை இலைக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துப் பக்கம் போனேன். அந்தப் பெண்ணாவது தப்பிக்கும் என்றுதான் நினைத்தேன்.

வாசற்படி தாண்டுவதற்குள் வெள்ளைச்சாமியின் அக்கா கேட்பது காதில் விழுந்தது. கணீரென்ற குரல்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைச்சுக்காதீங்க. உள்ள சமைக்கற உங்க அக்காவுக்குப் புள்ளகுட்டி இல்லன்னு சொன்னாங்க. அது உங்ககூடத்தான் இருக்குமா? எங்க பொண்ணு ரெண்டு மாமியாருக்கு வடிச்சுக் கொட்டணுமா?"

நான் கதவோரம் நின்றுவிட்டேன். கொளஞ்சி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அய்ய, அதெல்லாம் இல்லீங்க. அக்காவுக்கு விருத்தாசலத்துல அவங்க வூட்டுக்காரரு சைடு சொந்தம் இருக்கு. எப்பனா வரும், ரெண்டு நாளு இருக்கும், போயிடும். நம்ம வூட்ல வச்சுக்கறதா இல்ல."

"குள்ளஞ்சாவடி வூட்ல முன்னாடி ஒரு ரூம் போட்டிருக்கீங்களாமே, பாத்ரூமோட?"

"அது புள்ளைங்களுக்குத்தாங்க. அவங்களுக்குன்னுதான் கட்டினதே" என்றாள் செல்லக்கிளி.

எனக்கு விருத்தாசலத்தில் ஒரு ஈ காக்கை கிடையாது. அது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கொளஞ்சி இதைப் பொய்யாகச் சொல்கிறானா என்று நானும் அவன் முகத்தைப் பார்த்தேன். இன்றைக்கு ஆயிரம் பொய் சொல்கிறான், இதுவும் ஒன்றாக இருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டேன். ஆனால் மற்ற பொய்களைச் சொல்லும்போது அவன் காதை நெருடிக்கொண்டே பேசுவான், சின்ன வயசிலிருந்து அப்படித்தான். இதைச் சொல்லும்போது கை மடியில் இருந்தது. மதிவாணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, மறுபடி போனுக்குள் குனிந்துகொண்டான். நான் ஃபீஸ் கட்டிப் படிக்க வைத்த பிள்ளை.

இவன் பேசுகிற கூடம் என்னுடையது. உட்கார்ந்திருக்கிற நாற்காலி என் பெயரைச் சொல்லி வாங்கியது. என் சமையல் வாசனை வருகிறது. இத்தனையையும் வாங்கிக்கொண்டு, என்னை என் வீட்டிலிருந்தே சாயங்கால பஸ்ஸுக்கு ஏற்றி அனுப்புகிறான். அழுகை வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எரிச்சல்தான் வந்தது. இன்னும் கொஞ்ச நாளில் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டு நான் எங்கே போய் நிற்பேன்? கோயில் மண்டபத்திலா?

எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே போட்டு உடைத்துவிடலாம். வாய் திறந்தால் போதும், இரண்டு பக்கமும் நாறிவிடும். வேன் கிளம்பிவிடும். ஆனால் அதற்கப்புறம் குள்ளஞ்சாவடி வீட்டு வாசலில்கூட என்னை ஏற்றமாட்டார்கள். அந்தப் பெண் தப்பிக்கும். நான்?

நான் கூடத்துக்குள் போய் இலையை விரித்தேன்.

"வாங்க, சாப்புட்டுக்கினே பேசலாம்" என்றேன்.

கொளஞ்சியின் முகம் பூரித்துப்போனது. அக்காவே கூப்பிட்டுவிட்டாளே. வெள்ளைச்சாமி தன் அக்காவைப் பார்த்தார். அந்த அம்மாள் தலையசைத்தாள். உட்கார்ந்தார்கள். நான் என் கையாலேயே பரிமாறினேன். சாம்பார், காரக்குழம்பு, இன்னொரு வடை, வேண்டாம் வேண்டாம் என்றவருக்கு இன்னும் ஒரு வடை. வெள்ளைச்சாமி முதல் கவளத்தைப் பிசைந்து வாயில் வைத்தபோது கொளஞ்சி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. சமையலறை வாசலில் நின்ற பெண்ணின் அம்மா கண்ணை மூடித் திறந்தாள். அவளும் உட்கார்ந்தாள். பாயசம் வரைக்கும் ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

கை கழுவி வந்தார்கள். கொளஞ்சி வெற்றிலைத் தட்டை எடுத்து நீட்டப் போனான். நான் அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"தட்டு மாத்தறதுக்கு முன்னாடி நான் ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

கொளஞ்சி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான். அவன் நான் பர்மனென்ட் சமாச்சாரத்தைச் சொல்லப்போவதாக நினைத்துவிட்டான். அந்தப் பக்கம் பெண்ணின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் நிலத்துச் சமாச்சாரம் என்று நினைத்துவிட்டாள். வெள்ளைச்சாமி தன் மனைவியைப் பார்த்தார். ஆளாளுக்கு அவரவர் பொய்யைப் பிடித்துக்கொண்டு வேர்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதைப் பார்க்க அப்படி ஒரு திருப்தி.

"என் தம்பி உங்ககிட்ட தப்பா சொல்லிட்டான். எனக்கு விருத்தாசலத்துல யாரும் இல்ல. இந்த மாசத்துக்கப்பறம் நான் குள்ளஞ்சாவடி வூட்லதான் இருப்பேன். கடைசி வரைக்கும். அந்த முன் ரூமு எனக்குன்னு கட்டினது. புள்ளைங்க உள் ரூம்ல இருந்துக்கட்டும். நாளைக்கு இது ஒரு பேச்சா வரக்கூடாதுன்னு இப்பவே சொல்றேன். என்னா கொளஞ்சி, சரிதான? நான் சொன்னதுல தப்பிருந்தா நீயே எல்லாத்தையும் இங்க சொல்லிடு."

எல்லாத்தையும் என்ற வார்த்தையை அழுத்திச் சொன்னேன். கொளஞ்சியின் கை காதுக்குப் போனது.

"அக்கா சொல்றது சரிதாங்க" என்றான்.

"அப்ப மொதல்ல ஒண்ணு சொன்னீங்களே தம்பி" என்று வெள்ளைச்சாமியின் அக்கா ஆரம்பித்தாள்.

"இருக்கட்டும் அண்ணி" என்று பெண்ணின் அம்மா அவசரமாகக் குறுக்கே விழுந்தாள். "வயசுல பெரியவங்க ஒருத்தர் கூட இருந்தா நம்ம பொண்ணுக்கும் நல்லதுதான. அவங்களும் கூட இருக்கட்டும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது.

சாப்பிட்ட வீடு. இனி எழுந்து போக முடியாது. வெள்ளைச்சாமியின் அக்கா வாயை மூடிக்கொண்டாள். செல்லக்கிளிக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது, ஆனால் சம்பந்தி முன்னால் என்ன பேசிவிட முடியும்? தட்டு மாற்றினார்கள். நான் வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் இருந்தது.

வேன் கிளம்புகிற நேரத்தில் பெண்ணின் அம்மா போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "தமிழ்நிலா. உங்ககிட்ட பேசணுமாம்" என்றாள். திரையில் நீல யூனிஃபார்மில் ஒரு பெண். பின்னால் மருந்து அலமாரி. ட்யூட்டி நடுவில் பேசுகிறாள். நான் பலா மரத்தடிக்குப் போனேன். கொளஞ்சியும் பின்னாலேயே வந்து, நாலு அடி தள்ளி நின்றுகொண்டான்.

"அத்தை, வணக்கம். அம்மா சொன்னாங்க, நீங்க எதையும் நேருக்கு நேரா பேசறவங்கன்னு."

"சொல்லும்மா."

"தப்பா நெனைச்சுக்காதீங்க. அப்பாகிட்ட கேட்டா மாப்ள வூட்ல சொன்னாங்கன்றாரு. கட்டிக்கப் போறவருக்கு மெசேஜ் போட்டா அவங்க அப்பாகிட்ட பேசிக்கறேன்னு போடறாரு. யாருமே நேரா சொல்ல மாட்டேங்கறாங்க அத்தை. இருக்கறேனா நிக்கறேனான்னு இங்க இன்னிக்கே எழுதிக் குடுன்றாங்க. நான் வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா, என் எடத்துல வேற ஆளப் போட்டுடுவாங்க. அப்பறம் கெடைக்காது. அவரு பர்மனென்ட்தான? நான் வேலைய விட்டுடலாமா?"

கொளஞ்சி எதுவும் சொல்லத் தேவையில்லை. கேட்டில் தொங்கிய பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் உண்மையைச் சொன்னால் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லாவிட்டால் முன் ரூமுக்கு அவன் சொன்ன வார்த்தையும் இல்லை.

அவனைத் திட்டினேன், செல்லக்கிளியைத் திட்டினேன், வெள்ளைச்சாமியைத் திட்டினேன். காலையிலிருந்து திட்டிக்கொண்டேதான் இருந்தேன். இப்போது என்னைக் கேட்கிறாள். ஏன் என்னைக் கேட்கிறாள்? அவள் அப்பனுக்கு வாய் இல்லையா? கட்டிக்கப் போகிறவனுக்கு இல்லையா? இத்தனை பேர் செய்கிற அயோக்கியத்தனத்துக்குக் கடைசியில் நான் ஒருத்திதான் வாயைத் திறக்க வேண்டுமா? அந்தப் பெண்ணின் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"பர்மனென்ட்தாம்மா" என்றேன். "விட்டுடு."

அவள் முகம் தெளிந்துவிட்டது. பெரிய மூச்சு ஒன்று விட்டாள். பின்னால் யாரோ சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். "வரேன்" என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"தேங்க்ஸ் அத்தை. நீங்க ஒருத்தராவது சொன்னீங்களே. நீங்களும் எங்ககூடத்தான் இருக்கப்போறீங்களாமே, அம்மா மெசேஜ் போட்டாங்க. அத கேட்டப்பறம்தான் எனக்கு பயமே போச்சு. இருப்பீங்கதான?"

"இருப்பேன்மா" என்றேன். "முன் ரூம்லதான் இருப்பேன்."